செம்பனை மருந்தும் தர்பூசணிக் கொடியும்

தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் முன்னால், என் மச்சான் குணா ஒரு தோட்டத்தையே கொன்றுவிட்டார். போலீஸ் வரவில்லை. அவர் மனைவி, என் தங்கை சாந்திதான் எனக்குப் போன் பண்ணினாள்.

"அண்ணே, நீங்க வந்து பாருங்க. நான் பேசுனா சண்டையாயிரும்."

குணாவுக்கு செபராங் ஜெயாவில் ஆபீஸ் வேலை. அது போதாதென்று, சுங்கை பாக்காப் பக்கம் நண்பரின் நிலத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே தர்பூசணி போட்டார். போட்டது சரி... பூ வருவதற்கு முன்பே, பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் நண்பர்களிடம், "இந்தத் தடவ பழம் என் உபயம். சொந்தத் தோட்டத்துப் பழம் லா" என்று சொல்லிவிட்டார். பேனரும் அடித்தாகிவிட்டது. இனிமேல் பழம் வராவிட்டால் அந்தத் தெருப்பக்கம் தலைகாட்ட முடியாது.

கொடியைவிடப் புல் வேகமாக வளர்ந்தது. சாந்தி குனிந்து குனிந்து பிடுங்கினாள். ஆபீஸருக்கு முதுகு வளையுமா? செம்பனைக்கு அடியில் புல்லைக் கொல்ல அடிக்கும் மருந்தை நண்பரின் ஸ்டோரிலிருந்து எடுத்து, மருந்தடிக்கும் பம்பில் ஊற்றினார்.

"கொடி கருகிடாதா?" என்று கேட்டிருக்கிறாள் சாந்தி.

"செம்பனைக்கே ஒண்ணும் ஆவல. இதுக்கு என்னா ஆவப்போவுது?"

"அப்ப நான் புடுங்குன வரிசைப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க."

என்ன ஒரு லாஜிக்! செம்பனை நின்று வளரும். காலடியில் இருக்கும் புல்லுக்கு மட்டும் மருந்து அடிப்பார்கள். தர்பூசணியோ புல்லோடு புல்லாகப் படுத்துக் கிடக்கும். மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியுமா?

நான் போனபோது, சாந்தியின் வரிசைகளைத் தவிர மற்றக் கொடியெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டு கிடந்தது. கோரைப் புல் மட்டும் ஜம்மென்று நின்றது. "வெயில் ஜாஸ்தி மச்சான்" என்றார் குணா, என் முகத்தைப் பார்க்காமலே. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பாவமாகவும் இருந்தது.

அவரை மட்டும் சொல்லி என்ன? தலைவலி, வயிற்றுவலி, கொசுக்கடி — எல்லாவற்றுக்கும் ஒரே தைலத்தைத் தடவுகிறவர்கள்தானே நாம்.

சாந்தியின் வரிசைகள் காய்த்தன. பூசத்தன்று பந்தல் மேசையில் பழம் வந்துவிட்டது. பேனருக்குக் கீழே நின்று குணா கூவினார்:

"வாங்கண்ணே, எடுத்துக்குங்கக்கா. மருந்தே அடிக்காத பழம்!"

பழம் நறுக்கிக்கொண்டிருந்த சாந்தி, கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

மச்சான் பொய் சொல்லவில்லை... மருந்து அடித்ததில் ஒன்றுகூடத்தான் பழமாகவில்லையே.