பீச்சாங்கைக்கு மட்டும்

மரத்தைக் கடைந்து விளையாட்டுச் சாமான் செய்கிறவளிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "அது சரிங்க, வேலை என்ன பார்க்கறீங்க?" என்பதுதான். கையால் எதையாவது செய்து விற்கிறவர்களே, உங்களுக்கும் இது பழகியிருக்கும்.

ஏற்காட்டு மலையில், செம்மநத்தத்தில் எங்கள் ஊட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகைதான் என் பட்டறை. அதை இடித்து, டூரிஸ்டுகளுக்கு வாடகை ரூம் கட்ட வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் அண்ணனுடைய பிடிவாதம். மாட்டேன் என்பது என்னுடையது.

பளபளப்பு

நான் அதிகம் செய்வது குத்துப்பந்து. கைப்பிடியின் தலையில் ஒரு முனை, இரண்டு பக்கமும் கிண்ணம், கயிற்றில் கட்டித் தொங்கும், ஓட்டை போட்ட ஒரு பந்து. பந்தைத் தூக்கிப் போட்டுக் கிண்ணத்தில் பிடிக்கணும், கை தேறினால் முனையில் குத்தணும். எஸ்டேட்டில் பிடுங்கிப் போட்ட பழைய காப்பிச் செடிக் கட்டையில் கைப்பிடி, சில்வர் ஓக்கில் பந்து. பேர் வேணுமா, கலர் வேணுமா, கேட்டபடி போட்டுத் தருவேன். வார்னிஷ் மட்டும் அடிக்க மாட்டேன். பந்து வழுக்கும்.

சேலத்திலிருந்து வந்த ஒருத்தர் வார்னிஷ் அடித்தே ஆகணும் என்று நின்றார். "அப்போ இது விளையாட்டுச் சாமான் இல்லீங்க, ஷோகேஸ் பொம்மை. அது பஜார்ல கிடைக்கும், போய் வாங்கிக்குங்க" என்றேன். போகிற போக்கில் அவர் சொன்னது: "ஏனுங்க, மின்னலைன்னா கிஃப்ட்டுன்னு எவன் நம்புவான்?"

திரும்பி வந்த பெட்டி

ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு லாட்ஜில் முப்பது கேட்டார்கள். எதையும் நானே பத்துத் தடவை விளையாடிப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன். பார்த்தேன். முப்பதும் பிரமாதமாக வேலை செய்தன, என் கையில்.

அங்கேதான் வந்தது வினை. நான் பீச்சாங்கைக்காரி. கயிற்றுத் துளை எந்தப் பக்கம் என்பது பிடிக்கிற கையைப் பொறுத்தது. மாறினால் கயிறு விரலில் சுற்றிக்கொள்ளும். அவசரத்தில் முப்பதையும் என் கைக்கே துளைத்து, கிண்ணத்தையும் பசை போட்டு ஒட்டிவிட்டேன், இனிப் பிரித்து மாற்றவும் முடியாது. அட கிரகமே! மூணாம் நாள் மேனேஜர் பெட்டியோடு வந்து இறங்கினார்: "ஏனுங்கக்கா, ஏற்காட்டுக்கு வர்றவங்க எல்லாருக்குமே பீச்சாங்கைன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

மேஸ்திரியின் டேப்

சங்கதி வீட்டுக்காரரின் அண்ணன் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் காலையிலேயே கொட்டகையை அளக்க மேஸ்திரியோடு வந்துவிட்டார். உளியும் கையுமாக வாசலை மறித்து நின்றேன். "அளக்கறதுன்னா என்னையும் சேர்த்து அளந்துக்குங்க மாமா. நான் நகர மாட்டேன்."

"இதை வெச்சுக்கிட்டா இந்தப் பேச்சு?" என்று பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வீசிக் காட்டினார். கயிறு விரலில் சுற்றிக்கொண்டது. மறுபடி வீசினார். மறுபடியும் சுற்றியது. மேஸ்திரி சிரித்துவிட்டார்.

சோறும் கையெழுத்தும் அண்ணனுக்குச் சோத்தாங்கைதான். ஆனால் காப்பிச் செடியைக் கவாத்து வெட்டும்போது கத்தி தானாகப் பீச்சாங்கைக்குப் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். "அந்தக் கைல வராதுங்க மாமா. கத்தி பிடிக்கிற கைக்கு மாத்துங்க" என்றேன், கோபம் குறையாமலே.

மாற்றினார். மூணாவது வீச்சில் 'டொக்' என்று பந்து கிண்ணத்தில் உட்கார்ந்தது. அடுத்ததும் உட்கார்ந்தது. மனுஷன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "பள்ளிக்கூடத்துல இந்தக் கையைத்தான் அம்மிணி முட்டி முட்டியா அடிச்சாங்க" என்றார். எனக்கும் விழுந்த அடிதான் அது. நான் மாற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அளக்கலாமுங்களா?" என்றார் மேஸ்திரி. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை: "டேப்பைச் சுருட்டுங்க மேஸ்திரி, இந்தக் கைக்கு இப்பத்தான் வேலை கெடச்சிருக்குது."

கொட்டகை அங்கேயேதான் நிற்கிறது, அண்ணன் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருபத்தொன்பதும் 'பீச்சாங்கைக்கு மட்டும்' என்ற அட்டையோடு வாசலில் தொங்குகின்றன, பிடிக்காதவர்கள் கையை மாற்றிக்கொண்டு வரலாம்.