ஜெபகுமாரியின் வலது கண்ணும் பூங்கனியின் முள்வாங்கியும்

ஜெபகுமாரியிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாக வீடு திரும்பியவர்கள் கோட்டாற்றுப் பக்கம் குறைவு. மீன்காரியா, வண்டிக்காரனா, சபை உபதேசியாரா, அவளுக்கு ஆள் வித்தியாசமே கிடையாது. அப்பேர்ப்பட்டவள் சனிக்கிழமை சாயங்காலமானால் வாசல் வெளிச்சத்தில் முக்காலியைப் போட்டு, முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு பச்சைப்பிள்ளை மாதிரி அடங்கி உட்காருவாள். எதிரே நாத்தனார் பூங்கனி முள்வாங்கியோடு குனிந்து நிற்பாள்.

விஷயம் இதுதான். கண்நோய் வந்து வந்து, வலது மேலிமையின் உள்பக்கம் தழும்பாகிச் சுருங்கிப் போயிருந்தது. அதனால் ஆறேழு இமைமுடிகள் வெளியே பார்க்க வேண்டியவை உள்ளே திரும்பிவிட்டன. கண்ணை மூடித் திறக்கும்போதெல்லாம் கருவிழியில் உரசும். பிடுங்கினால் கொஞ்ச நாள் சுகம். பிறகு குருத்து விட்டுவிடும். நீண்ட முடியாவது வளைந்து கொடுக்கும், குருத்து ஊசி மாதிரி குத்தும். திரும்பவும் பூங்கனி வர வேண்டும்.

பூங்கனிக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. ஏன் இருக்காது? கட்டிக் கொடுத்த இடம் சரியில்லாமல் அண்ணன் ரசலையனின் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அண்ணனோ கொழும்புக்குப் போய், ஒரு காய்ச்சலில் அங்கேயே முடிந்துவிட்டான். மிச்சம் இரண்டு பெண்கள். மைனி ஜெபகுமாரி தலையணையில் குண்டூசி குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவாள். அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. பூங்கனி சமைத்தாள், துவைத்தாள், பெருக்கினாள். அதையெல்லாம் யாரும் செய்துவிடலாம். கண் கூசாமல், தோல் கிள்ளாமல், வேரோடு முடியெடுக்கிற கை மட்டும் அந்தத் தெருவில் அவளுக்குத்தான் இருந்தது.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு மைனியின் கருவிழியில் மெலிசாக ஒரு வெள்ளை படர்ந்திருப்பதைப் பூங்கனிதான் முதலில் பார்த்தாள். வெள்ளை மூடினால் கண் போச்சு, கண் போனால் லேஸ் போச்சு.

பள்ளிக்கூடத்துச் சத்தியபாய் டீச்சர்தான் வழி சொன்னாள். மேற்கே பெரிய ஆசுபத்திரிக்கு மாதம் ஒருமுறை முத்துநாயகம் என்று ஒரு கண் டாக்டர் வருகிறாராம். மின்சார ஊசியை முடியின் வேருக்குள் விட்டு வேரையே கொன்றுவிடுவாராம். பிறகு முளைக்காதாம். மின்சாரம் என்ற சொல்லே ஜனங்களுக்குப் புதுசாக இருந்த, முப்பதுகளின் தொடக்கம் அது.

"முளைக்கவே முளைக்காதா டீச்சர்?" என்று பூங்கனி கேட்டாள்.

"முளைக்காதாம்."

நல்ல சேதி. ஆனாலும் மடியிலிருந்த முள்வாங்கியை அவள் விரல் தடவிப் பார்த்துக்கொண்டது.

டாக்டர் வரும் நாளில் இருவரும் விடியக்காலையிலேயே பஸ் ஏறினார்கள். ஆசுபத்திரி வராந்தாவில் கூட்டமான கூட்டம். வெயில் ஏற ஏற ஜெபகுமாரியின் கண் சிவந்து, தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"ஏட்டி, குத்துகு. தாங்க முடியல."

"டாக்டர் முன்னால இப்பிடி அழுது வடிஞ்சுக்கிட்டா போவீய? கொஞ்சம் அண்ணாந்து இருங்கோ மைனி."

மடியிலிருந்து முள்வாங்கியை எடுத்தாள். பழக்கம், மைனி தானாகவே முகத்தை நிமிர்த்திவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க, பூங்கனி ஒன்றுவிடாமல் எடுத்து முடித்தாள். கண் குளிர்ந்தது. அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

முத்துநாயகம் டாக்டர் இமையைப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடி வைத்து மறுபடியும் பார்த்தார்.

"முடி எங்கம்மா?"

"பிடுங்கியாச்சு ஐயா. சுத்தமா இருக்கட்டும்னு."

"அடக் கடவுளே! முடி நின்னாத்தானே அதை ஒட்டியே ஊசி வேருக்குப் போகும்? இப்பம் நான் ஊசிய எங்க கொண்டு விட? குத்துமதிப்பா குத்தினா இமைதான் புண்ணாகும். இந்த எண்ணெயைச் சொட்டு விடுங்க. அடுத்த மாசம் வாங்க. அதுவரைக்கும் ஒண்ணையும் தொடக்கூடாது."

"ஒரு மாசமா? அதுக்குள்ள கண்ணு அவிஞ்சு போயிரும் ஐயா!" என்றாள் ஜெபகுமாரி.

"அவியாது. கஷ்டமாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். திரும்பி வரும் பஸ் முழுக்க ஜெபகுமாரி டாக்டரை வைது தீர்த்தாள். "இவனும் ஒரு டாக்டர்! வந்தவள வெறுங்கையோட திருப்பி அனுப்புகான்." பூங்கனி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மைனியின் வலி பொறுக்காமல்தான் முள்வாங்கியை எடுத்தாளா, இல்லை, டாக்டருக்கு முன்னால் தன் கைதான் முந்த வேண்டும் என்று எடுத்தாளா? அவளுக்கே தெரியவில்லை. தெரியாததுதான் அவளை அறுத்தது.

கோட்டாற்றில் இறங்கியதும் கடைத்தெருவில் ஒரு பலகை கண்ணில் பட்டது. 'சர்வரோக மின்சார நிவாரணம், புரொபசர் யூஜின்.' உள்ளே வரிசையாகக் கண்ணாடிச் சாடிகள், செம்புக் கம்பிகள், சுவரில் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் படம். வாதத்துக்கும் வயிற்றுவலிக்கும் பித்தளைப் பிடியைப் பிடித்து நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நாலு பேர். புரொபசர் எந்தக் காலேஜுக்குப் புரொபசர் என்று கேட்க ஆள் இல்லை.

ஜெபகுமாரி நடந்ததைச் சொன்னாள். யூஜின் சிரித்தான்.

"முடி இல்லியா? அது நல்லதாப் போச்சு. வேரு உள்ளதானே கெடக்கு? இண்ணைக்கே முடிச்சு அனுப்புகேன்."

அவள் கேட்க விரும்பியதும் அதைத்தான். பூங்கனி மைனியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம் மைனி, அவரு குத்தப்படாதுன்னு சொன்னாருல்லா?"

"சும்மா கெட சவமே. உனக்குப் பிடுங்க ஆளு வேணும், அதான்."

சுருக்கென்றது. பூங்கனி கையை விட்டுவிட்டாள். யூஜின் கம்பி மாட்டிய ஊசியை இமை ஓரத்தில் அங்கும் இங்குமாகக் குத்தி எடுத்தான். ஜெபகுமாரி அலறிய அலறலில் வாதக்காரர்கள் பிடியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

மறுநாள் இமை பணியாரமாக வீங்கியது. வீக்கம் வடிந்ததும் இமை ஓரத்தில் மூன்று கறுப்புப் புள்ளிகள், பச்சை குத்தினதுபோல, கழுவியும் போகாமல் நின்றன. அது போதாதென்று, அத்தனை முடிகளும் ஒன்று பாக்கியில்லாமல் குருத்துவிட்டன.

அந்த மாதம் அந்த வீட்டில் சிரிப்பு இல்லை. எண்ணெய்ச் சொட்டு விட்டால் சற்று நேரம் ஆறும், பிறகு பழையபடி. ஜெபகுமாரி லேஸ் தலையணையைத் தொடவில்லை. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு சுவரோரம் படுத்துக் கிடந்தாள். டாக்டர் வரும் நாளுக்கு இனி சில நாட்களே பாக்கி என்னும்போது, ஒரு மத்தியானம் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, முள்வாங்கிய எடு. ரெண்டு முடி மட்டும் எடு போதும்."

"மாட்டேன் மைனி."

"எனக்க உசிரு போகுட்டி!"

"போட்டும். டாக்டர் சொன்ன நாள் வரட்டும்."

"எனக்க சோத்தத் தின்னுட்டு, எனக்கே எதிர்ப்பேச்சா? குடுட்டி இங்க!"

எந்த வார்த்தை என்றைக்காவது வந்துவிடுமோ என்று பூங்கனி இத்தனை வருஷம் பயந்திருந்தாளோ, அது வந்துவிட்டது. வந்த பிறகு பார்த்தால் அவ்வளவு பயமாக இல்லை.

"கெணத்துல போட்டாச்சு" என்றாள்.

ஜெபகுமாரி வாயடைத்துப் போனாள். அவள் வாயடைத்து அந்த வீடு பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஓவென்று அழுதாள். பூங்கனி பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணைக் கசக்காமல் இருக்கட்டும் என்று பிடித்தவள், வெகுநேரம் விடவில்லை.

ஆசுபத்திரியில் முத்துநாயகம் டாக்டர் இமையைப் புரட்டிவிட்டுத் தலையசைத்தார். "இப்பம் செரி." கறுப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "யாரு பாத்த வேலை? கம்பிய மாத்திக் குடுத்திருக்கான், ஊசியில உள்ள இரும்பு தோலுல எறங்கிட்டு. கறுப்பு போகாது, ஆனா கண்ணுக்குக் கேடில்லை."

மரத்துப்போக மருந்து விட்டார். ஈரத்துணி சுற்றிய பித்தளைப் பிடியை ஜெபகுமாரியின் கையில் கொடுத்தார். பூங்கனியைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நூலைவிட மெல்லிய ஊசி ஒரு முடியை ஒட்டியே உள்ளே இறங்கியது. அடியில் துளி வெள்ளை நுரை எழும்பியது. டாக்டர் முள்வாங்கியால் முடியைத் தொட்டார், அவ்வளவுதான், வெண்ணெயிலிருந்து எடுத்தமாதிரி வந்துவிட்டது.

இழுக்கவே இல்லை! எத்தனை நூறு தடவை அந்த முடிகளை இழுத்திருப்பாள், ஒவ்வொன்றும் வேரில் எப்படி முரண்டு பிடிக்கும் என்று பூங்கனியின் விரலுக்குத் தெரியும். இவர்தான் சரியான ஆள் என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் இனி தன் கைக்கு வேலையில்லை என்ற உறுத்தல். இரண்டும் நிஜம்.

அன்றைக்குப் பாதிதான் எடுத்தார். மிச்சத்துக்கு இன்னும் இரண்டு மாதம் போய் வந்தார்கள். தப்பி முளைத்த ஒன்றையும் கடைசியில் கொன்றாயிற்று. படர்ந்த வெள்ளை அதற்குமேல் பரவவில்லை. ஜெபகுமாரி திரும்பவும் குண்டூசி குத்தினாள், திரும்பவும் மீன்காரியோடு மல்லுக்கு நின்றாள். இமையோரத்துக் கறுப்பை யாராவது கேட்டால், "புரொபசர் தீட்டிவிட்ட மையி" என்பாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பூங்கனி பாத்திரம் கழுவிவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இனி அந்த நேரத்துக்கு அவளுக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. பார்த்தால், வாசலில் முக்காலி கிடந்தது. மைனி அதில் உட்கார்ந்து, வெளிச்சத்தைப் பார்த்து முகத்தை அண்ணாந்து வைத்திருந்தாள்.

"என்ன மைனி, குத்துகா?"

"பாரு."

பூங்கனி குனிந்து, மோவாயைப் பிடித்து, இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். தெளிவாக இருந்தது.

"ஒண்ணுமே இல்ல மைனி."

"இல்லாட்டியும் பாருட்டி" என்றாள் ஜெபகுமாரி, கண்ணை மூடாமல்.