அம்மா சொல்லாத பெயர்

அய்யா இறந்து ஒரு வருடம் ஆனதற்காக, போன பங்குனியில் நானும் அம்மாவும் அபிராமத்திலிருந்து ராமேஸ்வரம் போய் வந்தோம். திதி கொடுக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், செலவு எல்லாம் எழுதுகிறேன். நடுநடுவே அய்யாவும் வருவார். அவரை விட்டுவிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

அய்யா பெயர் ராமநாதன். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர் அம்மா. எங்கள் மாவட்டத்தில் அது லேசான காரியமா? ராமநாதபுரம் போக, "கலெக்டர் ஆபீஸ் ஊருக்கு ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்பார். அந்தப் பெயரை எப்படியாவது வரவழைத்துவிடுவது என்று அய்யாவுக்கு ஆயுள் முழுக்க ஆசை. வேண்டுமென்றே பஸ்ஸில் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு அம்மாவை டிக்கெட் எடுக்க விடுவார். கண்டக்டர் முழித்த முழியை மறுநாள் மிளகாய் வயல் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்றும் கேட்டார். "இப்பவாச்சும் ஒருக்காச் சொல்லேன் புள்ள. இதுக்கு மேல எங்கன வந்து கேக்குறது?" அம்மா சிரித்துக்கொண்டே மாட்டேன் என்று தலையாட்டினார். அவரும் சிரித்தார். அன்று சாயங்காலமே போய்விட்டார். சொல்லாமல் விட்டோமே என்று அம்மா ஒரு வருடமாகச் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "கடல்ல வச்சாவது சொல்லிப்புடணும் தாயி" என்றுதான் கிளம்பினார்.

காலை 4.40க்கு பஸ். பரமக்குடி 20 கி.மீ., அங்கே மாறி ராமநாதபுரம், மறுபடி மாறி ராமேஸ்வரம் 55 கி.மீ. ஆளுக்கு 98 ரூபாய். பாம்பன் பாலத்துக்கு முன்பே ஜன்னலோர இடம் பிடித்துவிடுங்கள். அய்யா இங்கே கீழே நிற்கும் படகுகளை "ஆறு, ஏழு, பதினாலு" என்று தப்புத்தப்பாக எண்ணுவார். சின்ன வயதில் நான் சண்டை போட்டுத் திருத்துவேன். ஜன்னல் காற்றும் கையில் ஒரு பருப்பு வடையும் இருந்தால் அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

எட்டே முக்காலுக்கு இறங்கினோம். கோயிலுக்கு ஆட்டோ 80 ரூபாய்.

"எங்கன போகணும் ஆத்தா?" என்றார் டிரைவர்.

"அம்பாள் வீட்டுக்காரரப் பாக்கணும்ப்பா."

"எந்தத் தெருவுல இருக்காரு?"

சாமிக்கும் அதே பெயர், அதைத்தான் இப்படிச் சொல்கிறார் என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. டிரைவர் கோயில் வரை சிரித்தார். எனக்கோ கவலை. சாமி பெயரையே சொல்லாதவர் கடலில் மட்டும் எப்படிச் சொல்வார்?

கோயிலுக்கு எதிரே அக்னி தீர்த்தக் கடற்கரையில் புரோகிதரிடம் 500 ரூபாய்க்குப் பேசி உட்கார்ந்தோம். எள்ளும் தண்ணீரும் கையில் கொடுத்து, "அப்பா பேரச் சொல்லுங்கோ" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்தார்.

"இரு, நான் சொல்றேன். ரா..." அதோடு நின்றுவிட்டது.

"ராஜேந்திரனா? ராமசாமியா?" என்று புரோகிதர் எடுத்துக் கொடுத்தார். அம்மா கண் கலங்கியது. கடைசியில் நான்தான் சொன்னேன்.

முழுக்குப் போட இறங்கினோம். இடுப்பளவுத் தண்ணீரில் அம்மா என் கையை உதறிவிட்டு இன்னும் நான்கு அடி உள்ளே போனார். மூக்கைப் பிடித்து மூன்று முழுக்கு. எழுந்தவர், "ஏ ராமநாதா!" என்று ஒரே கத்தாகக் கத்தினார்.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சாமியைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். "ராமநாதா!" என்று ஒரு பெரியவர் கைகூப்பினார். அவர் பின்னால் ஒரு குடும்பம், அதற்கும் அப்பால் ஒரு பஸ் கூட்டம். கரையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அம்மா திகைத்துப் போய்ச் சுற்றிலும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"அடி ஆத்தீ, அம்புட்டுப் பேருமா ஒங்க அய்யாவக் கூப்புடுறாக! இருந்திருந்தா இன்னைக்கு மனுசனத் தரையில பாத்திருக்க முடியாது!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிறகு கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினோம், ஆளுக்கு 25 ரூபாய். ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத்துணி எடுத்துப் போங்கள். வெளியே வந்து அம்மா ஆறு இட்லி சாப்பிட்டார். நான் எண்ணிக்கொண்டே பார்த்திருந்தேன்.

கடைசியாக ஒன்று. யாராவது உங்களிடம் விளையாட்டாக ஒன்றைக் கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள். தவறவிட்டுவிட்டீர்களா, ராமேஸ்வரம் வாருங்கள். கடலில் இறங்கி உரக்கக் கூப்பிடுங்கள். யார், எவர் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள், கூடச் சேர்ந்து கூப்பிடுவார்கள்.