அவர் அடிக்காத சூடம்

என் தங்கச்சிக்கு மொதப் புள்ள தோட்டத்து லொறியிலதான் பொறந்துச்சு. லொறியிலயே உசுரும் போயிருச்சு. எங்க தேயிலைத் தோட்டம் நிவித்திகலைக்கு மேல, மழை பெஞ்சா ரோடு எது, தண்ணி ஓடுற கான் எதுன்னு தெரியாது. டிஸ்பென்சரியில பனடோல் மாத்திரை குடுக்க ஒரு ஆளு உண்டு, டொக்டர் கெடையாது. ரெண்டாவது தடவ அவ உண்டானப்போ ஆறாம் மாசமே பிரசர் ஏறிருச்சு. மிட்வைஃப் மிஸ்ஸி வந்து பார்த்துட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இவளுக்குக் கூப்பிட்ட நேரத்துக்கு டொக்டர் வேணும், லொறிய நம்பிக்கிட்டு இருக்காதீங்க"ன்னாங்க. சொல்றது லேசு. டொக்டருக்கு நான் எங்க போவேன்?

அந்த நேரத்துலதான் பாராளுமன்றத்துல ஒரு பேச்சு வந்துச்சு. நாட்டுல உள்ள தோட்ட ஆஸ்பத்திரி, டிஸ்பென்சரி எல்லாத்தையும் அரசாங்கமே எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் டொக்டர் போடுறதுன்னு. மொதல்ல எடுக்கிற தோட்டங்கள்ல எங்களதும் இருந்துச்சு. அதுக்குச் சரின்னு சொல்ல வேண்டிய கமிட்டியில எங்க எம்பியும் ஒருத்தரு. சிங்கள ஐயா. இந்த மாவட்டத்துல நம்ம ஆள் ஒருத்தர அனுப்புற அளவுக்கு நம்மகிட்ட ஓட்டு இல்ல, அதனால வருசக்கணக்கா அவருக்கே போட்டுட்டு வர்றோம்.

எலெக்ஷன் கிட்ட வந்தவொடனே அவரு எங்க மாரியம்மன் கோயிலுக்கு வந்தாரு. நான் புள்ளக்காம்பராவுல சின்னப் புள்ளைங்களப் பார்த்துக்கிற வேலை. சிங்கள ஸ்கூல்ல படிச்சவ, அதனால பேச்ச மாத்திச் சொல்ல என்னையத்தான் நிறுத்துவாங்க. மாலை, பொன்னாடை, மேளம், ஒண்ணும் கொறையில்ல. தோட்டத்துத் தலைவர் ஒரு படி மேல போயி, தட்டுல சூடத்தக் கொளுத்தி, அம்மனுக்கு முன்னால படார்னு உள்ளங்கையால அடிச்சு அணைச்சாரு. "எங்க தோட்டத்து ஓட்டு பூராவும் ஐயாவுக்குத்தான். இது சத்தியம்!" சூடம் அடிச்சுக் குடுத்த வாக்க எங்க ஆளுங்க மீற மாட்டாங்க. மீறுனா குடும்பம் வெளங்காதுன்னு பயம்.

நான் ஆஸ்பத்திரி விசயத்தக் கேட்டேன். "பலமு, பலமு"ன்னாரு. பார்ப்போம், பார்ப்போம்.

ஜீப்புக்குப் போறப்போ பிரசாதத் தட்டத் தூக்கிக்கிட்டு நான் பின்னால போனேன். அவரும் அவரோட செக்ரட்டரியும் சிங்களத்துல பேசிக்கிட்டாங்க. நான் அங்க இருக்கிறதே அவங்களுக்கு நெனப்பில்ல. டவுன் ஆஸ்பத்திரியில இருந்து டொக்டர எடுத்துத்தான் தோட்டத்துக்குப் போடணுமாம். அவரோட கட்சியிலயே நிக்கிற இன்னொரு ஆளு கடை கடையா ஏறி, "உங்க டொக்டரத் தோட்டத்துக்குத் தாரவார்க்கப் போறாரு"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறானாம். எங்க நாட்டு எலெக்ஷன்ல கட்சிக்குப் புள்ளடி போட்டு ஓட்டுக் குடுத்த பொறகு, அதே கட்சியில நமக்கு வேண்டிய மூணு பேரோட நம்பருக்கும் போடலாம். மனாபேன்னு சொல்லுவோம். அது கூட விழுறவன்தான் பாராளுமன்றம் போவான். அதனால எதிர்க்கட்சிய விட சொந்தக் கட்சிக்காரனப் பார்த்துத்தான் இவங்களுக்கு நடுக்கம்.

"டவுன் மனாபே போச்சுன்னா நான் வீட்டுலதான்"னாரு எம்பி. "எலெக்ஷன் முடியட்டும், இன்னும் ஆராயணும்னு தள்ளி வைப்போம்."

"தோட்டத்துல கோவிச்சுக்குவாங்களே சேர்?"

"எங்க போவாங்க? சூடம் அடிச்சுட்டாங்களே."

எனக்குக் கோவம் தலைக்கு ஏறிருச்சு. எலெக்ஷனுக்கு முன்னாலயே தங்கச்சிக்கு நாள் வந்துரும். நேரா தலைவர் வீட்டுக்குப் போனேன். "அழுத புள்ளதான் பால் குடிக்கும் தலைவரே. நம்ம சிரிச்சுச் சிரிச்சு மாலை போட்டா எவன் திரும்பிப் பார்ப்பான்?"னு கத்துனேன். அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு, "அம்மன் முன்னால குடுத்த வாக்கும்மா, நான் என்ன செய்ய?"ங்கிறாரு. நல்ல மனுசன்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிஞ்சுச்சு.

ராவுக்குச் சோத்துல கைய வச்சுக்கிட்டு நான் பொலம்பிக்கிட்டு இருந்தேன். காலு ரெண்டும் வீங்கிப் போயி உக்காந்திருந்த தங்கச்சி மெதுவாச் சொன்னா. "நம்ம அடிச்சா நம்மதானேக்கா கட்டுப்படுறோம். அவர அடிக்கச் சொல்லு."

கமிட்டி கூடுறதுக்கு முன்னால, கொங்கிரீட் போட்ட படிக்கட்டு ஒண்ணத் தெறக்க அவரு திரும்ப வந்தாரு. பொறகு வழக்கம் போல கோயிலுக்கு. தலைவர் சூடத்தக் கொளுத்துனதும் நான் தட்ட வாங்கிட்டேன். சிங்களத்துல ஒருக்கா, தமிழ்ல ஒருக்கா சத்தமாச் சொன்னேன்: "ஐயா, எங்க சத்தியத்தக் குடுத்துட்டோம். எங்க ஆஸ்பத்திரிக்கு டொக்டர் போடச் சரின்னு சொல்லுவேன்னு நீங்களும் ஒருக்கா அடிங்க."

மேளம் நின்னுருச்சு. பொடியனுங்க எல்லாம் போனத் தூக்கிட்டானுங்க. எம்பி சூடத்தப் பார்த்தாரு, போன்களப் பார்த்தாரு. அடிச்சா அந்த வீடியோ பொழுது சாயிறதுக்குள்ள டவுனுக்குப் போயிரும். அடிக்கலைன்னா இங்க இத்தன சனம் பார்த்துக்கிட்டு நிக்குது. அவரு நெத்தியில வேர்வ. எதுக்கால தங்கச்சி வயித்தப் புடிச்சுக்கிட்டு, அவரு கையவே பார்த்துக்கிட்டு நிக்கிறா. செக்ரட்டரி என்னைய மொறைக்கிறான். அடிங்கய்யா, அடிங்கன்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டு இருந்தேன். சூடம் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு.

கை வந்துச்சு. ரெண்டு கையும் வந்துச்சு. தீ மேல பதமா ஒத்தி, கண்ணுல ஒத்திக்கிட்டு, திருநீறத் தொட்டு நெத்தியில பூசிக்கிட்டாரு. பக்தியா அம்மனப் பார்த்துக் கும்புட்டாரு.

சனம் கை தட்டுச்சு! சிங்கள ஐயா நம்ம சாமிய எப்படிக் கும்புடுறாரு பாருன்னு, கை தட்டுதுங்க! சூடம் என் கையில தானா எரிஞ்சு அணைஞ்சுச்சு. எனக்குத் தட்டத் தூக்கி எறியணும் போல இருந்துச்சு.

கமிட்டியில அவரு சொன்னபடியே செஞ்சாரு. இன்னும் ஆராயணும்னு தள்ளி வச்சாச்சுன்னு நியூஸ்ல சொன்னாங்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? அன்னைக்கு அந்தியிலயே செக்ரட்டரி எனக்குப் போன்ல கோல் எடுத்தான். குரலு தேனா வழியுது. "ஐயாவுக்கு உங்க தங்கச்சி நெனப்பாவே இருக்கு. நேரம் வந்தா இந்த நம்பருக்குச் சொல்லுங்க, ஐயாவோட ஜீப்பே வரும்." வாய்க்கு வந்தபடி ஏசணும்னு நெனச்சேன். "சரிங்க, ரொம்ப நன்றிங்க"ன்னுதான் வாயில வந்துச்சு. அவ உசுரு ஆச்சே.

வலி வந்துச்சு, ஜீப்பும் வந்துச்சு. இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குள்ள அவளக் கொண்டு போனப்போ, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்னாங்க. பொம்பளப் புள்ள. நான் வராந்தாவுல உக்காந்து ஓன்னு அழுதேன். வீட்டுக்கு வந்த பொறகு எம்பியும் வந்தாரு, புள்ளையக் கையில வாங்குனாரு, போட்டோ எடுத்தாங்க. தோட்டத்து உசுரக் காப்பாத்துன ஐயான்னு அந்தப் படம் எல்லாப் போன்லயும் சுத்துச்சு. அந்தப் படத்துல தங்கச்சி நெசமாவே சிரிக்கிறா. நானும் சிரிச்சேன்.

டவுன்லயும் தோட்டத்துலயும் மனாபே அள்ளிக்கிட்டு அவரு ஜெயிச்சாரு.

எங்க லயத்து வரிசையில கடைசி வீட்டுப் பொண்ணுக்கும் பிரசர். மொதப் பிள்ளத்தாச்சி. "அந்த ஜீப் நம்பர் இருக்குத்தானேக்கா?"ன்னு பார்க்கிற நேரமெல்லாம் கேப்பா. "இருக்குடி, பயப்படாத"ன்னு சொல்லி வச்சிருந்தேன்.

எலெக்ஷன் முடிஞ்ச மாசம் அவளுக்கு வலி வந்துச்சு. கோல் எடுத்தேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. திரும்ப எடுத்தேன். அவ என் சேலைத் தலைப்ப இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, "எடுத்துட்டாங்களாக்கா? எடுத்துட்டாங்களா?"ங்கிறா. கீழ ரோட்டுல தலைவர் லொறிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கத்துறது கேட்டுச்சு.