எஸ்தோனிய மொழியில் ஒரு பகிடி

மாலை நான்கு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு என் மச்சான் சிரிப்புக்காக ஒரு பகிடி விட்டார். கடையின் குளிர்பெட்டிக்கு மேலே மாட்டியிருந்த மணிக்கூட்டை நான் அப்போது தற்செயலாகத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அதைத் தவிர வேறு எதையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

மகளுக்கு அப்போது ஏழு வயது. இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். இது அவளுடைய சிறுவயதுக் கதைதான். ஆனால் கேட்டால் பாதி ஞாபகமில்லை என்கிறாள். பயந்தவன் நான் என்பதால் முழுவதும் என்னிடம் தங்கிவிட்டது.

அந்த வருடம் அவளுடைய வகுப்பில் எஸ்தோனியாவிலிருந்து ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. மகளோடு பேசிப் பழகட்டும் என்று ஆசிரியை அவளைப் பக்கத்தில் இருத்தினார். இரண்டு மாதத்தில் மகளுக்கு எஸ்தோனிய மொழி வந்துவிட்டது. சிறுமியின் தாய் தூரத்தில் வேலை செய்தார், எங்கள் தமிழ்க்கடைத் தெருவான லாசப்பலுக்கு வந்து சேர ஆறு மணியாகும். அதுவரை இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து மச்சானின் பலசரக்குக் கடையில் வைத்திருப்பது என் பொறுப்பு. தாய் உயரமான மனுசி. நன்றி சொன்னாலும் மழை வரப்போகிறது என்று சொன்னாலும் ஒரே முகம். எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஒரு பிள்ளையைத் தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டுவிட்டால், அதைத் தவிட்டுக்கு வாங்கின கதையைச் சொல்லியே தீருவார். மகளுக்கு நாலு வயதிலேயே சொல்லிவிட்டார். அவள் ஒரு நாள் அழுதாள்; மறுநாள் இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். எஸ்தோனியச் சிறுமிக்கு அந்தக் கௌரவம் அன்றைக்குக் கிடைத்தது.

“இவளிட்டைச் சொல்லு பிள்ளை,” என்றார், ஒரு கண்ணைச் சிமிட்டியபடி. “இவளின்ரை அம்மா என்னட்டைத்தான் இவளை வாங்கினவ. ஒரு மூட்டை தவிடு தந்தவ. இப்ப பிள்ளை சரியில்லையாம், ஆறு மணிக்குத் திருப்பி விட வாறா.”

மகள் சொன்னாள். சிறுமி சிரிக்கவில்லை. கையிலிருந்த பிஸ்கட்டை மெதுவாக மேசையில் வைத்தாள். நான் கறிவேப்பிலைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணி நாலுக்கு நிமிர்ந்தபோது பிஸ்கட் மட்டும் இருந்தது.

மச்சான் கல்லாவை விட்டு ஓடியதை அன்றைக்குத்தான் கண்டேன். எதிர்ப்பக்கப் புடவைக்கடை அக்கா வந்து என் மகளோடு நின்றுகொண்டார். மச்சான் கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் ஓடினார், நான் பள்ளிக்கூடப் பக்கம். லாசப்பலில் வெள்ளை மயிர்ச் சிறுமி ஒருத்தியைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். என் பிள்ளையாக இருந்தால் கத்திக்கொண்டு ஓடியிருப்பேன். இன்னொருவர் நம்பி ஒப்படைத்த பிள்ளை, குரல் எழும்பவில்லை.

ஐந்து இருபத்தைந்துக்கு இருவரும் வெறுங்கையோடு திரும்பினோம். தாயின் கைபேசி எடுபடவில்லை.

“நீ அவளுக்கு என்ன சொன்னனீ?” என்று மகளைக் கேட்டேன்.

“மாமா சொன்னதைத்தான். தவிட்டுக்குச் சொல் தெரியாது, அரிசி எண்டு சொன்னன்.”

“பகிடி எண்டு சொல்லேல்லையோ?”

“மாமா பகிடி எண்டு சொல்லேல்லையே! நீங்கள்தானே அப்பா, கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது எண்டு சொன்னனீங்கள்.”

உண்மைதான். வதிவிட அட்டை கொடுக்கும் பிரிபெக்தூரிலும் மருத்துவரிடமும் எனக்கு மொழிபெயர்த்தவள் அவள். ஒருமுறை ஓர் அதிகாரியிடம், ‘அப்பாவுக்குக் கோபம் வருது’ என்று தானாகவே சேர்த்துச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு வெளியே வந்து நான் போட்ட சட்டம் அது. அதன்படி மாமாவின் சொற்களை ஒன்றும் விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். கண் சிமிட்டியதை மட்டும் இங்கேயே விட்டுவிட்டாள்.

“சரி, அவையின்ரை பாசையிலை பகிடிக்கு என்ன?”

“தெரியாது. நாங்கள் இன்னும் அதுக்கு வரேல்லை.”

நான் பொலிசுக்கு அழைத்தேன். மேலங்கி என்ன நிறம் என்று கேட்டார்கள். இரண்டு மாதமாகத் தினமும் நான் பொத்தான் பூட்டிவிட்ட மேலங்கி, நிறம் நினைவுக்கு வரவில்லை. “சிவப்பு,” என்றாள் மகள்.

மச்சான் கடைக் கணினிக்கு முன்னால் குந்திவிட்டார். “தாய் வந்தா முதல் சொல்லு என்ரை வாயாலை வரவேணும்,” என்றார். “நலி எண்டாப் பகிடியாம். மா தேகின் நல்யா. நான் பகிடி விட்டனான்.”

“அப்பிடியில்லை மாமா. நாக்கை மேலை ஒட்டிச் சொல்லுங்கோ.”

“என்ரை நாக்கு அடிச்சுப்போட்டாலும் ஒட்டாது பிள்ளை.”

“திருப்பிச் சொல்லுங்கோ.”

“வாயை மூடி வச்சிருந்தா ஒரு பாசையும் படிக்கத் தேவையில்லை அண்ணை,” என்றார் புடவைக்கடை அக்கா.

மச்சான் வியர்த்து வழிய, பத்துத் தடவை, இருபது தடவை நல்யா, நல்யா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மகளும் முதல்முறை கேட்ட அந்தச் சொல்லைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

ஐந்து ஐம்பத்தொன்றுக்குக் கடைக்கதவு திறந்தது. தாயும், அவர் கையைப் பிடித்தபடி சிவப்பு மேலங்கியும். தாய் கடைக்கு வருவதற்குள் மறித்துவிட வேண்டும் என்று அந்தச் சிறுமி பெரிய வீதியைத் தனியாகக் கடந்து மெத்ரோப் படிக்கட்டின் கீழே போய் நின்றிருக்கிறாள். எத்தனை வாகனங்கள் ஓடும் வீதி அது! இன்றைக்கும் அந்த இடத்தில் பச்சை விளக்கு எரிந்தாலும் நான் உடனே காலை வைப்பதில்லை. பிள்ளை கிடைத்துவிட்டது என்று பொலிசுக்குச் சொன்னபோது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

மச்சான் எழுந்து, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, “மா தேகின் நல்யா,” என்றார். பகிடி விட்டதாக இவ்வளவு துக்கமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

தாய் அவரைப் பார்த்தார். முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. பிறகு என் மகளின் பக்கம் குனிந்து நிதானமாக இரண்டு வசனம் சொன்னார். சிறுமி தாயின் மேலங்கிக்குள் முகத்தைப் புதைத்தாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மகள் சிரிக்கவில்லை. பகிடிக்குச் சொல்லைப் படித்துவிட்டாள், பகிடியையே நேரில் கண்டால் அடையாளம் தெரியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் தன் சாப்பாட்டுப் பாணில் பெரிய பாதியைச் சிநேகிதிக்கே கொடுத்து வந்தாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சிநேகிதியை இரக்கத்தோடு ஒருமுறை பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

“பதினெட்டு வயசு வரேக்கை சொல்லுவம் எண்டு இருந்தவவாம், மாமா. நீங்கள் முந்திச் சொல்லிப்போட்டியளாம்.”