வயிற்றுக்குத்து என்று சொன்ன பிள்ளை

மூன்று வருஷத்துக்கு முன்னம், சாம்பல்தீவில் ஒரு பொது மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் பரதநாட்டிய வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தனான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா கடலுக்குப் போறவர். ஆம்பிளைப்பிள்ளை நடனம் படிப்பிக்கிறான் என்றால் ஊரில் ஒரு சிரிப்பு இருக்கும். அதனால் என் வகுப்பை யாரும் குறை சொல்லக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

பிள்ளைகளுக்கோ வாய் ஓயாது. கால் நோகுது சேர், தண்ணி விடாய்க்குது சேர், சீமெந்து சுடுது சேர். ஒருநாள் ஒருத்தி, "நீங்க கதிரையில இருந்து தட்டுறீங்க, நாங்கள் எல்லோ ஆடுறம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே சட்டம் போட்டேன்: முறைப்பாடு சொல்கிற ஆள், மற்றவர்கள் இளைப்பாறும்போது அரைமண்டியில் நிற்க வேண்டும். முழங்காலை வெளிப்பக்கமாய் மடித்து, பாதி இருந்தபடி நிற்பது அது. கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கும். வகுப்பு அமைதியானது. நானும் பெருமைப்பட்டேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் அடங்கவில்லை. அடவு ஆடத் தொடங்கினால் அவளுக்கு வயிற்றுக்குத்து வரும், வகுப்பு முடிந்தால் போய்விடும்.

அந்தச் சனிக்கிழமையும் வந்ததும் வராததுமாய், வயிறு குத்துது சேர், ராத்திரி... என்று தொடங்கினாள். கதை வேண்டாம் என்று சொல்லி அரைமண்டியில் நிற்பாட்டினேன். வழக்கமாய் முணுமுணுப்பாள். அன்றைக்கு அதுவும் இல்லை.

பிறகு கண் பயிற்சி. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலும் கீழும் ஓட்டவேண்டும். தட்டுக்கழியால் தாளம் போட்டபடி பார்த்தால், அவளின் இமை பாதியில் நிற்குது. என்னைப் பார்க்கிறதுக்கு நாடியைத் தூக்குகிறாள். கண்ணைத் திற என்று சத்தம் போட்டேன். ஏலாது சேர் என்றாள். அவ நித்திரை கொள்ளுறா என்று பின்னுக்கு நின்றவள் சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கோபம் ஏறி, கழியோடு எழும்பிப் போய் அவளுக்கு முன்னால் நின்றேன்.

"சேர், நீங்க ரெண்டு பேரா நிக்கிறீங்க."

பிள்ளைகள் இன்னும் பலமாய்ச் சிரித்தார்கள். நான் கழியைத் தாழ்த்தி, குனிந்து பார்த்தேன். அவளுக்குச் சொல் குழறியது. ஒரு இமை மற்றதைவிடத் தாழ்ந்து கிடந்தது. கண்ணைப் பழக்கிறதே என் தொழில். அப்படி நடிக்க எனக்கே ஏலாது.

தாய்க்கு அறிவிக்க இரண்டு பேரை அனுப்பிவிட்டு, அவளையும் துணைக்குப் பெரிய மாணவி ஒருத்தியையும் ஏற்றிக்கொண்டு, ஆட்டோவில் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டோம். ஓட்டினவர் கிண்ணியாக்காரர், வயதான மனிசன். கண்ணாடியில் அவளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, புள்ள ராவு நெலத்திலயா படுத்தது?"

அவள் தலையாட்டினாள். சூட்டுக்குப் பாயில் படுத்தவளாம். எறும்பு கடித்த மாதிரி இருந்ததாம். காலையில் என்னிடம் சொல்ல வந்தது அதைத்தான். கட்டுவிரியன் பாம்பு கடிச்சிருக்குமாக்கும் என்றார் அவர். வயலில் படுத்த ஒருவரை இதே மாதிரி ஏற்றிப் போனவராம். அவருக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

நித்திரை கொள்ள விடாதீங்க என்றார். எனக்குத் தெரிந்தது வகுப்பில் சொல்கிற தாளச்சொல் ஒன்றுதான். தையா தை சொல்லு என்றேன். சொன்னாள். வழியில், உப்புவெளியில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. அது விலகுகிற நேரத்துக்குள் அவளின் குரல் மூச்சாய்ப் போனது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் இல்லை. அவளின் நெஞ்சு ஏறி இறங்குதா என்று பார்த்தபடி இருந்தேன். ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நான் மூச்சு விடவில்லை.

டாக்டர் இமையைப் பார்த்த உடனேயே உள்ளே கொண்டு போனார்கள். விஷ முறிவு மருந்து ஏற்றி, மெஷினில் மூச்சு விட வைத்தார்கள். நான் வெறுங்காலோடு வெளியில் நின்றேன். தட்டுக்கழி இன்னும் என் கையில் இருந்தது.

தாய் ஓடி வந்தார். என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நான் இண்டைக்கு வீட்டில நிக்கச் சொன்னனான் சேர். வராட்டி சேர் ஏசுவார் எண்டு அவள்தான் வெளிக்கிட்டவள்."

மூன்று நாள் மெஷின். நாலாம் நாள் தானாய் மூச்சு விட்டாள். சில மாதம் கழித்து இளைத்துப்போய்த் திரும்பி வந்தவள், முதல் நாளே கால் நோகுது சேர் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்பவும் பிள்ளைகள் சொல்வதில் முக்கால்வாசி பொய்ச் சாட்டுத்தான், அது எனக்கும் தெரியும். என்றாலும் ஒவ்வொருத்தரிடமும் கிட்டப் போய், சொல்லி முடிக்குமட்டும் கேட்கிறேன். அதுவரைக்கும் என் நெஞ்சு எப்படி அடிக்குது என்று அவர்களுக்குத் தெரியாது.