என் தொண்டைக்கு இரண்டு படம்

தொண்டையில் கட்டி வந்து, நாங்கள் கரண்டு என்று சொல்லும் ரேடியேஷன் வைத்து, பிழைத்து எழுந்து பல வருடம் கழித்துத்தான் என் தொண்டைக்கு மவுசு வந்தது. அதுவரை அதை வைத்து நான் செய்த ஒரே வேலை, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஏலம் கூவியதுதான். கரண்டு வைத்த பிறகு குரல் கிழிந்த தகரம் மாதிரி ஆகிவிட்டது. கமிஷன் கடை முதலாளி இரக்கப்பட்டு ஒரு மைக் வாங்கிக் கொடுத்தார். இப்போது கிழிந்த தகரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை செக்கப்புக்குப் போவேன். அன்றைக்கும் என் சம்சாரத்தோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயது.

"ஐயா, பழைய மெஷின்ல தொண்டைக்கு ரேடியேஷன் எடுத்தவங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்றேன். அப்ப எந்த இடத்துல எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு கம்ப்யூட்டர்ல இருக்கு. இப்ப உங்களுக்கு எச்சில் ஊறுதா, எப்படி விழுங்குறீங்கன்னு அதோட சேர்த்துப் பாக்கணும். இனிமே வர்றவங்களுக்கு எச்சில் வத்தாம கரண்டு வைக்க வழி தெரியும். உங்களுக்குச் சம்மதமா?"

"எச்சில் ஊறுனா நான் ஏன் டாக்டரம்மா தண்ணிப் பாட்டிலக் கட்டிக்கிட்டு அலையிறேன்," என்றேன்.

"சோறு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குழம்ப ஊத்தித்தேன் உள்ள இறக்குறாக," என்று என் சம்சாரம் சேர்த்துச் சொன்னாள். "பொரியல், கூட்டுன்னு ஒரு வெஞ்சனம் தொடுறதில்ல. ஆனா எச்சில் வத்துனாலும் பேச்சு வத்தல."

டாக்டரம்மா சம்மதத் தாளைப் படித்துக் காட்டினார். நான் பள்ளிக்கூடத்துக்குள் இருந்த நேரத்தைவிட அதன் சுவர்மேல் இருந்த நேரம் அதிகம். கையெழுத்து மட்டும் போடுவேன், அதற்கும் பாதியில் மூச்சு வாங்கும். அன்றைக்கு ஒரே மூச்சில் போட்டேன். படித்தவர்கள் கூடி உட்கார்ந்து என் தொண்டையைப் பார்க்கப் போகிறார்கள் என்றால் சும்மாவா.

மறுநாள் மார்க்கெட்டில் மைக்கைப் பிடித்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். "இன்னைக்கு மல்லியக் கூவுறது சாதாரணத் தொண்டை இல்ல. ஆராய்ச்சித் தொண்டை. பாத்துக் கேளுங்க."

எதிர்க்கடையில் சரம் கட்டும் அக்கா நிமிர்ந்து பார்த்தது. "ஏப்பா, தொண்டையக் கழட்டிக்கிட்டா போறாக?"

"தொண்டை இங்ஙனதேன் இருக்கும். அதோட படந்தேன் போகுது."

"படத்துல சத்தம் வராதுல்ல? அப்ப அவுகளுக்குக் கஷ்டமில்ல."

யார் கேலி செய்தாலும் எனக்கு உறைக்கவில்லை. செம்பட்டியிலிருந்து பூ கொண்டுவருகிறவர், டீ கொண்டுவருகிறவர் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அப்போதுதான் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஐயா, ஒரு தடவை வர முடியுமா? உங்க டேட்டாவுல ஒரு சிக்கல்."

டேட்டா என்பது உடம்பில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கட்டி திரும்ப வந்துவிட்டதோ என்று கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பழைய படத்தில்தான் குழப்பம் என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. என் சம்சாரமும் கூடவே கிளம்பினாள். "நீங்க பாட்டுக்கு என்னத்தையாவது உளறி வைப்பீக, நானும் வாரேன்," என்றாள்.

எனக்குக் கரண்டு வைத்த மெஷினை எப்போதோ எடுத்துவிட்டார்கள். அதன் கம்ப்யூட்டரை மட்டும் ஒரு சின்ன அறையில் வைத்திருந்தார்கள். பழைய படங்களைப் புதுக் கம்ப்யூட்டரால் திறக்க முடியாதாம். அதன் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றி, உள்ளே காற்றுப் போக டேபிள் ஃபேன் வைத்திருந்தார்கள். சூடேறினால் தானாக அணைந்துவிடும், செத்த நேரம் காத்திருந்து மறுபடி எழுப்ப வேண்டும். பீரோ நிறைய தட்டுத் தட்டாக டிஸ்க். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொருவரின் படத்தையும் வெளியே எடுத்துப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். மூச்சுத் திணறுகிற கிழவரிடம் கதை கேட்கிற மாதிரி அவ்வளவு பொறுமை.

"இங்க பாருங்க ஐயா. உங்க நம்பர்ல ரெண்டு படம் இருக்கு. முதல் படத்துல தலைக்கும், ரேடியேஷனுக்காகப் போட்ட மாஸ்குக்கும் நடுவுல நல்ல இடைவெளி. ரெண்டாவதுல மாஸ்க் தலையோட ஒட்டியிருக்கு. வேற யாரோட படமோ உங்க நம்பர்ல ஏறியிருக்கலாம். ஏன் ரெண்டுன்னு எங்கயும் எழுதல. சந்தேகம் இருந்தா சேர்க்கக் கூடாதுன்னு ஆராய்ச்சியில விதி வச்சிருக்கோம்."

"அப்ப என்னைய நீக்கிருவீகளா?"

"வேற வழியில்ல ஐயா."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. மைக்கில் சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது. திரையைப் பார்த்தேன். முள்ளங்கியை வட்டம் வட்டமாக நறுக்கின மாதிரி என் கழுத்து கிடந்தது. அதைச் சுற்றிக் கோலம் போட்டதுபோல் கலர் கலராகக் கோடுகள். இவ்வளவு அழகான கழுத்தை வைத்துக்கொண்டு வெளியே போகச் சொல்கிறார்களே என்று இருந்தது.

என் சம்சாரம்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "ஏங்க, பழனி."

எனக்கும் பிடிபட்டது.

கரண்டு வைக்கும்போது தலை அசையக் கூடாது. அதற்காகப் பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் போட்டு இளக்கி, முகத்தோடு அமுக்கி அச்சு எடுத்து மாஸ்க் செய்வார்கள். தினமும் அதைப் போட்டு மேஜையோடு பூட்டிவிட்டுத்தான் கரண்டு. அப்போது எனக்குப் பிடரி வரை சுருட்டை முடி, முகம் மறைக்கிற தாடி. அச்சு எடுத்தது அதற்கும் சேர்த்துத்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தால் பழனியில் மொட்டை போடுவதாக என் சம்சாரம் வேண்டியிருந்தாள். நான் அவசரக்காரன். பாதிச் சிகிச்சையில் கஞ்சி கொஞ்சம் நன்றாக இறங்கியது. முருகனைக் காக்க வைப்பானேன் என்று, கரண்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பஸ் ஏறினேன். தாடி, மீசை எல்லாம் போயிற்று. சந்தனம் பூசிய தலையோடு திங்கட்கிழமை போய் மேஜையில் படுத்தேன்.

டெக்னீசியன் மாஸ்க்கைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "ஏய்யா, அச்சு எடுத்த தலை எங்க?"

"பழனியில இருக்குண்ணே."

"குடத்துக்குள்ள எலுமிச்சம்பழம் மாதிரி உருளுதே. தலை துளி நகந்தாலும் கரண்டு வேற இடத்துல பாயும். தெரியுமா, தெரியாதா? முடிச்சிட்டுப் போனா சாமி கோவிச்சுக்குமா?"

அவர் திட்டியதில் ஒரு சொல்கூட அதிகமில்லை. அன்றைக்குக் கரண்டு வைக்காமல், புதிதாக மாஸ்க் செய்து, புதிதாக ஸ்கேன் எடுத்து, கணக்கையும் முதலிலிருந்து போட்டார்கள். அதனால்தான் இரண்டு படம்.

கதையைக் கேட்டு டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆனாலும் தலையை ஆட்டவில்லை. "நான் உங்கள நம்புறேன் ஐயா. ஆனா நீங்க சொன்னத மட்டும் வச்சு சேர்த்துக்க முடியாது. எலும்பு என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

"அதுக்கும் மொட்டை போட்டிருக்க முடியாதுல்ல," என்றாள் என் சம்சாரம்.

டாக்டரம்மா ஒரு படத்தை இழுத்து மற்றதன்மேல் வைத்தார். மண்டை பொருந்தியது. கழுத்தெலும்பு பொருந்தியது. சின்ன வயதில் தென்னை மரத்திலிருந்து விழுந்து என் தாடை எலும்பு விரிசல் விட்டது. ஒட்டிய இடத்தில் ஒரு மேடு. அந்த மேடு இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. பிறகு அவர் கரண்டுக் கணக்கைப் பார்த்தார். முதல் படத்தின் கணக்கு எங்கே நின்றதோ அங்கிருந்துதான் இரண்டாவதன் கணக்கு ஆரம்பித்திருந்தது. இரண்டையும் கூட்டினால், அப்போது எனக்கு வைத்தியம் பார்த்த பெரிய டாக்டர் எழுதிய மொத்த அளவு சரியாக வந்தது.

நான் தண்ணீர் குடிக்கக்கூட மறந்து நின்றேன்.

"ஒரே ஆள்தான்," என்றார் டாக்டரம்மா. "சேர்த்துக்கலாம் ஐயா. ரெண்டு படத்தையும் சேர்த்தே எடுக்குறேன். இதே மாதிரி ரெண்டு படம் இருக்குன்னு இன்னும் சில பேர ஒதுக்கி வச்சிருக்கேன். அவங்களையும் எலும்ப வச்சுப் பாத்திடணும்."

"பாருங்க டாக்டரம்மா. நம்மூர்ல வேண்டுதல் இல்லாத தலை எது."

"உங்க கிறுக்குத்தனத்த ஊரு மேல ஏத்தாதீக," என்றாள் என் சம்சாரம். ஆனால் குரலில் சூடு இல்லை. திரையை விட்டு அவளும் கண்ணை எடுக்கவில்லை.

டாக்டரம்மா என் பெயரை அழித்துவிட்டு ஒரு எண்ணைப் போட்டார். யாருடைய தொண்டை என்று வெளியே தெரியக் கூடாதாம்.

"பேரு போனாப் போகுது," என்றேன். "தாடை மேடு போகாதுல்ல?"

"போகாது ஐயா."

அவர் ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர ஆரம்பித்தது. அது முழுசாக நிரம்பினால் நான் புதுக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். ஃபேன் காற்று பழைய கம்ப்யூட்டர்மேல் நேராகப் படுகிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"கிளம்புங்க, பஸ்ஸு போயிரும்," என்றாள் என் சம்சாரம்.

"செத்த நேரம் இரு," என்றேன். "தொண்டை பாதிதேன் போயிருக்கு."